மெனு பட்டையின் நடுவே ஓர் ஆப்பிள்

பழைய இயங்குதளங்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானது ஆப்பிளின் மேக் கணினிகளுக்கான மேக் ஓஎஸ் எக்ஸின் பப்ளிக் பீட்டாதான். 2000 செப்டம்பர் 13-ல் பாரிஸில் ஸ்டீவ் ஜாப்ஸ் அதை வெளியிட்டார். சோதனைப் பதிப்புதான், ஆனாலும் விலை 29.95 டாலர். பின்னால் முழுப் பதிப்பை வாங்கும்போது 30 டாலர் தள்ளுபடி கொடுத்தார்கள். சரி, நியாயம்தான்.

அதில் எனக்குப் பிடித்த விஷயம், மெனு பட்டையின் நட்டநடுவில் இருந்த நீல ஆப்பிள் சின்னம். சொடுக்கினால் எதுவும் நடக்காது, வெறும் அலங்காரம். இடது மூலைச் சின்னத்தைச் சொடுக்கினால் விரியும், பல வருடம் பழகிய ஆப்பிள் மெனுவையே காணோம்! பயனர்கள் சும்மா விடவில்லை, குறை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2001 மார்ச் 24-ல் முழுப் பதிப்பான 10.0 வந்தபோது சின்னம் இடது மூலைக்கே திரும்பியிருந்தது, மெனுவோடு. சாதாரணப் பயனர்களின் பேச்சு எடுபட்டதை நினைத்தால் இன்றும் எனக்குச் சந்தோஷம்.

2001 மே மாத நடுவோடு பீட்டாவின் ஆயுள் முடிந்தது. இப்போது ஓட்ட வேண்டுமானால் கடிகாரத்தை அதற்கு முந்தைய தேதிக்குத் திருப்பி வைக்க வேண்டும். நேற்று ராத்திரி ஒரு பழைய ஜி3 மேக்கில் அப்படித்தான் திறந்தேன். நீர்த்துளி போன்ற அந்தப் பொத்தான்கள், கீழே செயலிச் சின்னங்கள் வரிசையாக நிற்கும் டாக்... ஒரு மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன்.