மயிலிட்டிக்காரரோடு கடல் பார்த்தது

2024 ஓகஸ்ட் 30, கோண்டாவில்

விசா வந்துவிட்டது. காங்கேசன்துறையில் ஏறி நாகபட்டினத்தில் இறங்கப் போகிறோம். போன வருசம் ஒக்ரோபரில் தொடங்கிச் சில நாளிலேயே நின்றுபோன கப்பல், இந்த மாதம் 16ஆம் திகதியில் இருந்து திரும்ப ஓடுகிறது. இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெட்டியை இரண்டு தரம் அடுக்கி இரண்டு தரம் கலைத்துவிட்டார்.

பென்சன் எடுத்த பிறகு, வருசத்துக்கு இரண்டு கடற்கரை ஊராவது பார்ப்பது என்று பேசி வைத்திருந்தோம். கோயில் குளம் என்று போகாமல் இதென்ன கூத்து என்று அக்கா கேட்கிறாள். நான் செம்மண் ஊர்க்காரி. வெங்காயமும் புகையிலையும் பார்த்து வளர்ந்தவள். கீரிமலைக்கு ஆடி அமாவாசைக்குப் போனால்தான் எங்களுக்குக் கடல். இவர் மயிலிட்டி. 1990 ஆனியில் ஊரோடு எழும்பி வந்து எங்கள் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தவர்கள். எங்கள் கலியாணத்துக்கு வீட்டில் எத்தனை நாள் அழுகை நடந்தது என்பது வேறு கதை.

மயிலிட்டித் துறைமுகத்தை இராணுவம் திரும்ப விட்டது 2017 யூலை 3ஆம் திகதி. 27 வருசம். அன்றைக்கு வளவைக் கண்டுபிடிக்க இவருக்கு அரை நாள் சென்றது. கடைசியில் கிணற்றுக்கட்டை வைத்துத்தான் பிடித்தார். கடலைப் பார்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. வரும் வழியில், "இனி எல்லாத் துறைமுகமும் பாக்கவேணும்" என்றார். நான் பகிடி என்று நினைத்தேன்.

2024 செப்டெம்பர் 12, நாகபட்டினம்

நாலு மணித்தியாலம். யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் போக இதைப்போல இரண்டு மடங்கு செல்லும். அதை நினைத்துச் சிரிக்க வேண்டும், ஆனால் நான் சிரிக்கிற நிலையில் இல்லை. சோளகக் காற்று இன்னும் முழுதாக அடங்கவில்லை, பாதி வழியில் சத்தி எடுத்தேன். இவர் மேலே காற்றில் நின்றுகொண்டு சின்னப்பிள்ளை மாதிரி. "இஞ்சாருங்கோ, கொஞ்சம் வந்து இருங்கோ" என்று கூப்பிட்டும் வரவில்லை.

நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களையும் பார்த்தோம். உயரமானதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். ஒரு இந்து அரசன் கட்டிய மினாரா. வேளாங்கண்ணியில் நம்மூர்ச் சனம் நிறைய, யாரோ பாஷையூர்க் குடும்பம் ஒன்று எங்களைக் கண்டுவிட்டு விடவே இல்லை.

எழுத வேண்டியது துறைமுகம். இழுவைப் படகுகள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன, கடலே தெரியவில்லை. இவருக்கு முகம் கறுத்துவிட்டது. மீனவர் சங்கத்தில் இருபத்தெட்டு வருசம் கணக்கு எழுதியவர். இந்தப் படகுகள் இரவில் வந்து இழுத்துக்கொண்டு போன எங்கள் ஆட்களின் வலைகளுக்கு எத்தனை முறைப்பாட்டுக் கடிதம் தன் கையால் எழுதியிருப்பார். 2017இல் நாங்கள் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடுத்தோம். கடலுக்கு நடுவில் சட்டம் எங்கே நிற்கிறது.

மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு மனுசி எங்கள் பேச்சைக் கேட்டு, "நீங்க சிலோனா?" என்றாள். ஓம் என்றேன். "எங்க அண்ணன் வேலை பாத்த போட்டு அங்கதான் கெடக்கு. ஒன்றரை வருசமாச்சு. ஆளுங்கள விட்டுட்டாங்க, போட்ட விடல."

சண்டைக்கு வருகிறாளோ என்று நினைத்தேன். இல்லை. இரண்டு பாரையை வெட்டிக்கொண்டே சொன்னாள். சுனாமியில் அம்மா போய்விட்டாவாம், அதையும் அதே குரலில் சொன்னாள். இவர் என்ன செய்தார் தெரியுமா? என்னுடைய பேனையை வாங்கி, இந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் படகின் எண்ணை எழுதச் சொல்லி அவளிடமே கொடுத்தார்.

அறைக்கு வந்ததும் கேட்டேன், வலை அறுந்த எங்கடை சனத்துக்கு அங்கே ஆர் எண் எழுதி வைத்திருக்கினம் என்று. "போட் முதலாளி வேறை, உந்த மனிசி வேறை. நீர் படும்" என்றார். படுத்தேன். நித்திரை வரவில்லை.

2024 ஒக்ரோபர் 27, கோண்டாவில்

மழை. கிணறு நிரம்புகிறது. பிடிபட்ட இந்தியப் படகுகளைக் கட்டி வைத்திருக்கிற மயிலிட்டிக்குப் போய், அந்த மனுசி சொன்ன படகு நிற்கிறதா என்று பார்ப்போம் என்றால், "நாளைக்குப் பாப்பம்" என்கிறார். மூன்றாவது "நாளைக்கு" இது.

2025 பெப்ரவரி 18, ஜோர்ஜ் டவுன், பினாங்கு

இது என்னுடைய தெரிவு. அம்மப்பா மலாயா ரெயில்வேயில் கிளாக்கராக இருந்தவர். எங்கள் முன் விறாந்தையின் பூப்போட்ட ஓடு பதித்த நிலம் மலாயாக் காசில் வந்தது. யாழ்ப்பாணத்தில் "மலாயாப் பென்சனியர்" என்றால் ஒரு காலத்தில் கலியாணச் சந்தையில் பெரிய சொல்.

இவருக்குப் பிடித்தது சீனக் குலங்களின் மரத்துறைகள். கரையில் காணி இல்லாத துறைமுகக் கூலிகள் கடலுக்குள் கம்பம் நட்டு, பலகை போட்டு, அதற்கு மேல் ஊர் கட்டியிருக்கிறார்கள். சியூ துறையில் சியூ ஆட்கள், லிம் துறையில் லிம் ஆட்கள். "காணி உறுதியும் இல்லை, வேலிச் சண்டையும் இல்லை" என்று இவர் ரசித்தார். வேலி இல்லாத இடத்தில் யாழ்ப்பாணத்தான் என்ன செய்வான், பாவம்.

நாசி கண்டார் சாப்பிட்டோம். தமிழ் முஸ்லிம்கள் ஒரு காலத்தில் தோளில் காவுதடி வைத்துச் சோறும் கறியும் கொண்டுபோய் விற்ற சாப்பாடு, பெயரிலேயே அந்தத் தடி இருக்கிறது. எல்லாக் குழம்பையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஊற்றுகிறார்கள். எனக்குச் சரிவரவில்லை. வெக்கை வேறு.

2025 யூன் 21, வார்டோ, நோர்வே

இரவு பதினொன்றரை. யன்னலால் வெயில் அடிக்கிறது. பொழுது படவே போவதில்லையாம், யூலை கடைசி வரை.

கிர்க்கெனஸ் வரை விமானம், அங்கிருந்து கரையோரக் கப்பல். 1893இல் இருந்து இந்தக் கப்பல்கள் ஊர் ஊராகத் தபாலும் சாமானும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு திரிகின்றன. வார்டோ ஒரு தீவு. கடலுக்கு அடியால் கிட்டத்தட்ட மூன்று கிலோமீற்றர் சுரங்கப்பாதை, நோர்வேயில் அப்படிப் போட்ட முதலாவது. எங்கள் ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் இருக்கிற இத்தனை சின்னத் தண்ணீரை நினைத்துக்கொண்டேன்.

இவரின் தம்பிதான் கூட்டிக்கொண்டு வந்தார். 1986இல் நோர்வேக்கு வந்து, அங்கே படிப்பதற்கென்று ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, பிறகு இந்த வடகோடியில் மீன் பக்டரியில் பதினொரு வருசம் நின்றவர். அந்தக் காலத்தில் இந்தக் கரையில் எத்தனையோ மீன்பிடி ஊர்களில் எங்கள் பெடியள். பிறகு அநேகம் பேர் ஒஸ்லோப் பக்கம் இறங்கிவிட்டார்கள். தம்பியின் வேலை, அடியில் வெளிச்சம் போட்ட மேசையில் மீன் துண்டை விரித்து, உள்ளே தெரிகிற புழுவை இடுக்கியால் எடுப்பது. "அண்ணி, மயிலிட்டியில மீனைக் கையால தொடாதவன் நான். ஐயா விடேல்லை, படி படி எண்டார். படிச்சு வந்து இஞ்சை புழு எடுத்தன்" என்று சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

எனக்கு இங்கே பிடித்தது கருவாடு. வீட்டுக்கூரை மாதிரி இரண்டு பக்கமும் சரித்துக் கட்டிய மரச் சட்டங்கள், அதில் மாசி மாதம் தொடக்கம் கொட் மீனைச் சோடி சோடியாக வாலில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். இப்போது இறக்கி முடிகிற காலம். ஒன்றைத் தட்டிப் பார்த்தேன், விறகுக் கட்டை. உப்பு எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்டால், போடுவதே இல்லையாம்! கூட்டிக் குறைத்துக் கேட்டும் அதே பதில். எங்கள் வெயிலில் உப்புப் போடாமல் விரித்தால் மத்தியானமே இலையான் மொய்த்து மீன் அழுகிவிடும். இங்கே குளிர் தண்ணீர் உறைகிற அளவுக்குப் பக்கத்தில் நிற்கிறது, இலையான் இல்லை, காற்று காய்ந்த காற்று. ஆகவே அழுகுவதற்கு முன்னமே காய்ந்துவிடுகிறது. குளிர் கூடினால் சதை உறைந்து வெடிக்கும், குறைந்தால் புளிக்கும். நடுவில் அந்த மூன்று மாதம்தான். தலைகளைத் தனியாகக் காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள், அங்கே சூப்புக்கு.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே எண்டு உவையளுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ" என்றார் இவர். தம்பி அதை நோர்வே மொழியில் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை.

பின்னேரம் (வெயிலை வைத்துச் சொல்ல முடியாது, மணிக்கூட்டை வைத்துச் சொல்கிறேன்) கடற்கரையில் ஒரு நினைவிடம் பார்த்தோம். பதினேழாம் நூற்றாண்டில் சூனியக்காரர் என்று சொல்லி இந்தப் பகுதியில் கொன்ற 91 பேருக்கு. நீளமான இருட்டு நடைபாதை, 91 சின்ன யன்னல், ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு. 1617 நத்தாருக்கு முதல் நாள் திடீர்ப் புயலில் படகுகள் தாண்டு நாற்பது பேர் வரை செத்துப் போனார்கள். நாலு வருசத்துக்குப் பிறகு, புயலை எழுப்பியது என்று பெண்களைப் பிடித்தார்கள். கடல் செய்ததற்குக் கரையில் நின்றவளைப் பிடிப்பது. நான் முப்பது யன்னல் வரை வாசித்தேன், மிச்சம் வாசிக்கவில்லை.

2025 ஓகஸ்ட் 4, குளோஸ்டர், மசாசுசெட்ஸ்

மகள் பொஸ்ரனில் இருப்பதால் இது லேசு. இவருக்கு இது திருத்தல யாத்திரை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், தண்டையல் (கப்பல் தலைவர்) தம்பிப்பிள்ளையோடு சுயஸ், ஜிப்ரால்டர், பெர்முடா என்று சுற்றி, 1938 ஓகஸ்டில் இந்தத் துறைமுகத்தில்தான் வந்து நின்றது. வாங்கியவர் வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர். தன் மனைவியின் பெயரை வைத்துக் கப்பலைப் "புளோரன்ஸ் சி. றொபின்சன்" ஆக்கிவிட்டார். கலியாணம் கட்டிக்கொண்டு போன பெட்டைக்குப் பெயரையும் மாற்றினமாதிரி என்றேன். மகளுக்கு அது பிடித்தது.

இவர் துறைமுகச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெடியனுக்கு முழுக் கதையையும் தன் ஆங்கிலத்தில் சொன்னார். அவன் பொறுமையாகக் கேட்டு, "கூல்" என்றான். இவருக்கு அது போதும்.

சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வெண்கல மீனவர் இங்கே பிரசித்தம், 1925இல் வைத்தது. முன்னால் கடலில் போனவர்களின் பெயர்கள், ஐயாயிரத்துக்கு மேல். அதே வீதியில் இன்னும் கொஞ்சம் நடந்தால் ஒரு பெண், கைப்பிள்ளையும் பக்கத்தில் ஒரு பிள்ளையுமாகக் கடலைப் பார்த்து நிற்கிறாள். மீனவர்களின் மனைவிமாருக்கு. அதை வைத்தது 2001இல். மனிசிக்கு முக்கால் நூற்றாண்டு பிந்தித்தான் இடம் கிடைத்திருக்கிறது.

திமிங்கிலம் பார்க்கவும் போனோம். எனக்குத் திரும்பவும் சத்தி. திமிங்கிலம் வந்ததாம்.

2025 செப்டெம்பர் 14, கோண்டாவில்

காலமை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "வெளிக்கிடும்" என்றார். கொப்பியையும் எடுக்கச் சொன்னார்.

மயிலிட்டியில் அந்தப் படகுகள் வரிசையாக நிற்கின்றன. சிலது சரிந்து, சிலது தண்ணீருக்குள் பாதி, பச்சையும் நீலமும் உரிந்து தொங்குகிறது. கிட்டப் போக விடமாட்டார்கள். பொஸ்ரனில் மகள் வாங்கிக் கொடுத்த தூரக்கண்ணாடியால் இவர் ஒவ்வொன்றாகப் பார்க்க, நான் கொப்பியை விரித்து எண்ணைச் சொல்ல. ஒன்றரை மணித்தியாலம். வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு தம்பி எழும்பி வந்து என்ன தேடுகிறீர்கள் என்றார். சொன்னோம். "உதுகள் இஞ்சை கிடந்து எங்கடை போட்டைக் கட்ட இடமில்லை. கொண்டுபோகச் சொல்லுங்கோ ஐயா" என்றார். கோபத்தில் சொல்லவில்லை, உண்மையாகவே இடமில்லை.

கண்டுபிடித்துவிட்டார். கடைசி இரண்டு இலக்கத்தில் ஒன்று அழிந்துவிட்டது, ஆனாலும் அதுதான். பின்பக்கம் தாண்டுபோய், முன்பக்கம் மட்டும் வெளியில். மேலே இரண்டு கொக்கு. நான் போனில் படம் எடுத்தேன், மூன்று எடுத்தேன், ஒன்றிலும் எண் தெளிவில்லை.

வரும்போது அரைக் கிலோ அறக்குளா வாங்கினோம். விலையை எழுதினால் மகள் நம்பமாட்டாள்.

இப்போது பிரச்சினை இதுதான். எங்களிடம் இருப்பது படகின் எண். அந்த மனுசியின் போன் நம்பரை வாங்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. தாண்டுபோன படகின் படத்தைக் காட்டி என்ன ஆகப்போகிறது, அவள் அண்ணன் திரும்பிவிட்டானே என்கிறேன் நான். கிடக்கிறதோ உடைச்சுப்போட்டாங்களோ எண்டாவது தெரியட்டும் என்கிறார் இவர். மீனைக் கழுவி, புளி கரைத்து, சட்டியை அடுப்பில் வைக்கும் வரை இதே கதை. கொதி வரும் நேரம் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"மாரி தொடங்க முந்தி கப்பலில இடம் இருக்கோ எண்டு பாரும். நீர் இந்த முறை சத்திக் குளிசை போட்டுக்கொண்டு ஏறும்."