நேர் பின்னால் போனால் நஷ்டம்

பிளஸ் ஒன் வகுப்பில் நியூட்டனின் மூன்றாம் விதியை நான் பறவைகளை வைத்துத்தான் நடத்துவேன். கிருஷ்ணகிரி அணைக்குப் பக்கத்துப் பள்ளி. நீர்க்காகங்கள் சாய்வாக வரிசை கட்டிப் போவதைப் பார்க்காத பிள்ளையே இங்கே கிடையாது. ஒன்றுக்கு நேர் பின்னால் இன்னொன்று ஏன் போவதில்லை?

இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று பறவையை மேலே தள்ளுகிறது. தள்ளப்பட்ட காற்று பறவைக்குப் பின்னால் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். இறக்கை நுனிக்கு வெளியிலோ அது சுருண்டு மேலே எழும். பறவையைப் பின்னாலிருந்து பார்ப்பதுபோல் போர்டில் வரைந்து, இரண்டு நுனியிலும் சுழி போட்டுவிட்டு, "அடுத்த பறவையை எங்கே வைப்பே?" என்று சாக்பீஸைக் கொடுத்துவிடுவேன். முதலில் நடுவில்தான் வைப்பார்கள். அம்புக்குறியை விரலால் தொடர்ந்து பார்த்ததும் அழித்துவிட்டு வெளிப்பக்கம் நகர்த்துவார்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நிமிஷம் அதுதான்.

2001-ல் வெளியான ஓர் ஆய்வில் வெள்ளைக் கூழைக்கடாக்களின் இதயத்துடிப்பை அளந்தார்கள். வரிசையில் பறந்தவற்றுக்கு 11 முதல் 14 சதவீதம் வரை சக்தி மிச்சம். இறக்கை அடிக்காமல் மிதந்துபோகும் நேரமும் கூடியது.

பாடம் இங்கேயே முடிந்தால் பாதிதான் சொன்னதாகும். கோவில் கோபுரத்திலிருந்து கும்பலாக எழும் புறாக்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். நெருங்கிப் பறக்கப் பறக்க அவை இறக்கையை வேகமாக அடிக்கவேண்டியிருக்கிறது என்று 2011-ல் காட்டினார்கள். 2019-ல் வந்த ஆய்வில், ஜோடியாகப் பறந்த புறா தனியாகப் பறந்ததைவிட 18 சதவீதம் அடிக்கடி இறக்கை அடித்தது. ஆனால் ஜோடிகள் கூட்டுக்குத் திரும்பிய வழி இன்னும் நேராக இருந்தது. கும்பலுக்குள் இருந்தால் பைரி போன்ற வேட்டைப்பறவையிடம் சிக்கும் வாய்ப்பும் குறைவு. சேர்ந்து போனாலே சிரமம் குறையும் என்று பிள்ளைகள் பேச்சுப்போட்டியில் முழங்கும்போது, புறா அதற்காகக் கூடுதலாகச் செலவழிக்கிறது என்பதையும் சேர்க்கச் சொல்வேன்.

இந்த வருஷம் ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ முன்னால போறதுக்கு என்ன லாபம் டீச்சர்?"

சரியான கேள்வி. பெரிய லாபம் அதற்கு இல்லை. அதனால்தான் இடம் மாற்றிக்கொள்கின்றன. ஆஸ்திரியாவிலிருந்து இத்தாலிக்கு ஒரு குட்டி விமானத்தைத் தொடர்ந்து பறக்கப் பழக்கிய மொட்டைத்தலை அரிவாள்மூக்கன்களை வைத்து இதைக் கண்டுபிடித்தார்கள். முடிவு 2015-ல் வந்தது. ஒரு பறவை இன்னொன்றின் பின்னால் எவ்வளவு நேரம் சுகமாகப் பறந்ததோ, ஏறக்குறைய அவ்வளவு நேரம் அதற்கு முன்னால் போய்க் கடனைத் தீர்த்துவிடுகிறது. அத்தனையும் மனிதர் கையில் வளர்ந்த இளம் பறவைகள். கூடப் பறந்து சொல்லிக்கொடுக்க மூத்த பறவை ஒன்றுகூட அங்கே இல்லை.