பதினான்காம் அத்தியாயம்

அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பைண்டு புத்தகம் இருக்கிறது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்கியது. பக்கத்தின் பின்புறம் பாதி ஜோக்கும் கூந்தல் தைல விளம்பரமும் இருக்கும். பதினான்காம் அத்தியாயம் மட்டும் இல்லை. எதிர்வீட்டு மாமி அந்த வாரத்து இதழை இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தரவே இல்லையாம். அம்மா இன்னமும் அவரை மன்னிக்கவில்லை.

அம்மாவுக்கு 82 வயது. பொடி எழுத்து தெரிவதில்லை, நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். தொட்டால் தாள் அப்பளமாக நொறுங்குகிறது. அதனால் போன வருஷம் முழுக்கதையையும் தட்டச்சு செய்து வைத்தேன். சரி, இணையத்தில் ஏற்றிவிடலாம் என்று பார்த்தால், எழுதிய அம்மையார் எந்த வருஷம் காலமானார் என்பதே தெரியவில்லை. நம் சட்டப்படி அவர் இறந்த அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் உரிமை வாரிசுகளுக்கு. வாரிசு யார்? பத்திரிகையும் மூடியாயிற்று. கதை புத்தகமாக வந்ததே இல்லை. யாரிடம் போய்க் கேட்பது?

ஓசியில் படிக்க நான் வாதாடவில்லை. நாவல் வெளியான வாரமே வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் கேட்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். எழுதியவர் சாப்பிட வேண்டாமா?

ஆனால் இந்தக் கதையால் இன்று யாருக்கும் காலணா வருமானம் இல்லை. பூட்டு மட்டும் தொங்குகிறது.

பாரதி பாடல்களுக்கும் ஒரு காலத்தில் பூட்டு இருந்தது. பாடல்களைப் பொதுவாக்கச் சொல்லிப் பலரும் குரல் கொடுத்தார்கள். 1949-இல் சென்னை அரசு உரிமையை வாங்கியது. 1955-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அப்புறம் எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமை ஆயின, வாரிசுகளுக்குப் பரிவுத்தொகையும் கிடைத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கு முதலில் ஒரு பெயர் வேண்டும். கல்கியை நாட்டுடைமை ஆக்கினார்கள். இன்று புத்தகக் கண்காட்சியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் நாவல்தான். அரங்குக்கு அரங்கு ஒரு பதிப்பு. எங்கள் அம்மையாரை எந்தப் பட்டியலில் தேடுவது?

கோப்பு என் கணினியில் அப்படியே கிடக்கிறது. வாசிக்கும்போது பதின்மூன்று முடிந்ததும் நிறுத்திவிடுவேன். பதினான்கை அம்மா சொல்வார். போன மாதம் சொன்னபோது கதாநாயகி ரயிலில் போனாள். நேற்று மாட்டுவண்டியில் போனாள்.