பிழை திருத்தப்படாதது

செப்டெம்பர் 11, 2025, வியாழன்

முன்னாள் ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ இருந்த விஜேராம வீட்டிலிருந்து சாமான் ஏற்றுவதைச் செய்தியில் காட்டினார்கள். நேற்றுத்தான் பாராளுமன்றத்தில் சட்டம் நீக்கப்பட்டது. 1986இன் 4ஆம் இலக்கச் சட்டம்: முன்னாள் ஜனாதிபதிமாருக்கு வீடு, வாகனம், செயலாளர். அம்மப்பாவும் முன்னாள் எம்.பி.தான். ரீவீச் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். யாரையும் ஏசவில்லை, யாருக்கும் பரிதாபப்படவுமில்லை. கேட்டது ஒன்றுதான்.

"கடதாசியள் எந்த லொறியில போகுது?"

செப்டெம்பர் 13, சனி

காவல் கொட்டில் திறந்தாயிற்று. ஆறடிக்கு ஐந்தடி தகரக் கொட்டில். காவலுக்கிருந்த பொலிஸ்காரர் போன பிறகு அம்மப்பாவின் கடதாசிப் பெட்டிகளை அடுக்க வேறு இடம் இருக்கவில்லை. மொத்தம் 22. அடி வரிசையில் நான்கைக் கறையான் முடித்துவிட்டது. மேலே பார்த்தால் மட்டை முழுசாக இருக்கிறது, தூக்கினால் மண்.

நிலத்துச் சீமெந்து வெடிப்பு வழியாக ஏறி, சுவரோடு ஒட்டியிருந்த பெட்டிகளை மட்டும் தின்றிருக்கிறது. நடுவில் இருந்தவை தப்பின. இடைவெளிதான் காப்பாற்றியிருக்கிறது. இனி எல்லாம் நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில், சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி. றாக்கைக் கால்கள் ஒவ்வொன்றும் பழைய என்ஜின் ஒயில் ஊற்றிய ரின்னுக்குள்.

இரண்டு பெட்டி முழுக்கப் பொன்னாடை. ஒரு பெட்டியில் திறப்பு விழாக் கத்தரிக்கோல்கள், 31. கடற்காற்றில் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றும் இன்று ரிபன் வெட்டாது.

செப்டெம்பர் 14, ஞாயிறு

அதிகாலை 2.10. அம்மப்பா எழும்பியிருந்து, "நான் நாங்கள் எண்டு சொல்லேல்லை."

செப்டெம்பர் 16, செவ்வாய்

கிளிப் கழற்றும் நாள். துருப்பிடித்த கிளிப்பை இழுத்தால் அது கடதாசியின் தோலையும் கொண்டு வரும். கிளிப்புக்கும் தாளுக்கும் இடையில் பழைய எக்ஸ்ரே படத்தில் வெட்டிய துண்டொன்றைச் சொருக வேண்டும். பின்பக்கமும் அப்படியே. பிறகு நீளக் காலை நிலத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு சின்னக் காலை மட்டும் நகத்தால் கிளப்பினால் தாள் காயப்படாமல் வரும். ஸ்ரேப்பிள் என்றால் முதுகில் மடிந்த இரண்டு காலையும் மெல்லிய கத்தியால் நிமிர்த்தினால் போதும், தானாக விழும்.

ரோணியோ மெஷினில் உருட்டிய பிரதிகள் நல்ல நிலையில் இருக்கின்றன. கட்சிக் கந்தோரின் மலிவுத் தாளும் மையும் இவ்வளவு காலம் தாங்குமென்று யார் நினைத்தது? செலோரேப் ஒட்டிய இடங்கள்தான் பாழ். ரேப் உதிர்ந்து போயிருக்கிறது, பசை பழுப்பாக உள்ளே இறங்கி மறுபக்க எழுத்தையும் பிடித்துவிட்டது.

பெரியம்மா போனில், எல்லாவற்றையும் லமினேற் பண்ணச் சொல்கிறா. பண்ணினால் பிறகு பிரிக்கவே முடியாது. அதைப் போனில் விளங்கப்படுத்தவும் முடியாது.

செப்டெம்பர் 17, புதன்

பக்ஸ் (தொலைநகல்) பெட்டி. ஏறத்தாழ முந்நூறு தாள், முக்கால்வாசி வெற்று. சூடு பட்டுக் கறுக்கும் தாள் அது. அதில் மை என்று ஒன்று கிடையாது, இருந்த எழுத்தும் வெக்கையிலும் வெளிச்சத்திலும் மறைந்துவிடும். பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு வைத்தது இன்னும் கேடு. வெளுத்தது வெளுத்ததுதான். மங்கலாய்த் தெரிகிற 70 வரையான தாள்களை உடனே படமெடுத்தாயிற்று. இதை லமினேற் பண்ணினால் தாள் முழுவதும் கறுத்துவிடும், பெரியம்மாவுக்கு அதையாவது சொல்லலாம்.

யார் யாருக்கு என்ன எழுதினார்கள் என்று அம்மப்பாவிடம் கேட்டால், வெற்றுத் தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது கெஞ்சினது" என்கிறார். அடுத்ததைத் தடவி, "இதுவும்."

செப்டெம்பர் 19, வெள்ளி

ஏழாவது பெட்டியில் கிடைத்துவிட்டது. இத்தனை நாளும் அம்மப்பா தேடச் சொன்னது இதைத்தான்.

ஹன்சாட், அதாவது பாராளுமன்றப் பேச்சுக்களின் அச்சுப் பதிவு; பிழை திருத்தப்படாத பிரதி, ஒரு வரவு செலவுத் திட்ட விவாதத்து நாள். யார் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அச்சாகும் என்பதால், சிங்களப் பக்கங்களுக்கும் ஆங்கிலப் பக்கங்களுக்கும் நடுவில் இவருடைய தமிழ் நாலு நிரல். மூன்றாவது நிரலில் "நாங்கள்" என்ற சொல்லைச் சுற்றிப் பென்சில் வட்டம். ஓரத்தில் "நாம்".

உறுப்பினர் தன் பேச்சில் எதையாவது திருத்த விரும்பினால், தன் பிரதியில் தெளிவாகக் குறித்து, அது கையில் கிடைத்து இரண்டு கிழமைக்குள் ஹன்சாட் பதிப்பாசிரியருக்கு அனுப்ப வேண்டும். இது அனுப்பப்படவேயில்லை. பிரதி வந்தபோது கொழும்பில் இல்லை என்கிறார் ஒரு நாள். இன்னொரு நாள், செயலாளர் மறந்துபோனார் என்கிறார்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு பாடா? சிங்களத்தில் "அபி" ஒன்றுதான். ஆங்கிலத்திலும் ஒரு சொல்தான். மொழிபெயர்ப்பைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டவர்களுக்கு அன்று ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. தமிழில் "நாம்" என்றால் கேட்கிறவனும் உள்ளே. "நாங்கள்" என்றால் அவன் வெளியே. இவர் அன்று யாரைப் பார்த்துப் பேசினார், யாரைச் சேர்த்துப் பேசினார் என்பது அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு எங்கள் பேச்சில் இரண்டுக்குமே "நாங்கள்" என்றுதான் வாய் போகும். "நாங்கள் கோணேசர் கோயிலுக்குப் போவமே?" என்று பக்கத்தில் நிற்பவனையும் சேர்த்துத்தான் கேட்போம். மேடையில்தான் "நாம்".

செப்டெம்பர் 20, சனி

அவர் மேடையில்தான் பேசினாராம். ஊர்ப்பேச்சில் இல்லையாம். மூன்று தரம் சொல்லிவிட்டார்.

செப்டெம்பர் 22, திங்கள்

காதுக் கருவி. 312 பற்றரி, மண்ணிற ஒட்டு. ஒட்டை உரித்தவுடன் மூடிவிடக் கூடாது, காற்று உள்ளே போக ஒன்றிரண்டு நிமிஷம் விட வேண்டும். உரித்துவிட்டால் பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் இறங்கிக்கொண்டேயிருக்கும். இவர் ஒரே நேரத்தில் நாலை உரித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறார், "தயார் நிலையில."

இரவில் பற்றரிக் கதவைத் திறந்து, கருவியை மட்டும் சிலிக்கா மணி போட்ட போத்தலுக்குள் வைக்க வேண்டும். இந்த ஊர் வியர்வைக்கு அது இல்லாமல் சரிவராது. மணி நிறம் மாறினால் சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்பப் பாவிக்கலாம்.

செப்டெம்பர் 25, வியாழன்

வெள்ளிப்பூச்சி, ராமபாணம் இரண்டும் இருக்கின்றன. வட்டம் போட்ட பிரதியிலும் ஓட்டை. மருந்தடிப்பதைவிடக் குளிரில் கொல்வது நல்லது, தாளில் ஒன்றும் ஒட்டாது. உப்புவெளியில் மீன் வியாபாரி ஒருவர் தன் பிறீசரில் பாதியை விட்டுத் தந்தார். பாரையும் கணவாயும் ஒரு பக்கம், பாராளுமன்றம் மறுபக்கம்.

தாள் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பொலித்தீன் பைக்குள் போட்டுக் காற்றை அமத்தி வெளியேற்றி ஒட்டி, அதை இன்னொரு பைக்குள் போட்டு மறுபடி ஒட்ட வேண்டும். சைபருக்குக் கீழே 18 பாகை, பதினான்கு நாள். எடுத்த பிறகு ஒரு முழுநாள் பையைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் வேர்த்து நிற்கும், பூச்சி செய்யாததைப் பூஞ்சணம் செய்யும்.

"ஐயான்ர பேச்சை ஐஸில வைக்கிறியளோ?" என்று வியாபாரி கேட்டார். மரியாதையாகத்தான்.

அம்மப்பாவுக்குப் பிரதியைக் கையை விட்டுக் கொடுக்க மனமில்லை. பதினான்கு நாள் என்றதும் சரியென்றார். "இரண்டு கிழமை எண்டால் இரண்டு கிழமைதான். பிந்தக் கூடாது."

செப்டெம்பர் 28, ஞாயிறு

ஈரத் தாள்களை நிழலில் பாயில் பரப்பியிருந்தது. படலை திறந்து கிடந்திருக்கிறது. புள்ளிமான் ஒன்று உள்ளே வந்து, 1990களின் மகஜர் ஒன்றில் மூன்றாம் நாலாம் பக்கங்களைத் தின்றுவிட்டது. கோட்டைப் பக்கத்து மான்கள் கடையோரத்து மட்டையையே விடுவதில்லை, இது மகஜர். விஷயத்தைச் சொன்னதும் அம்மப்பா இந்த மாதத்தில் முதற்தடவை சிரித்தார்.

"அதுவாவது வாசிச்சுதே."

செப்டெம்பர் 30, செவ்வாய்

அம்மப்பாவுக்குக் காலை இரத்தச் சீனி 58. இன்சுலின் போட்டுவிட்டு அரை மணித்தியாலத்தில் சாப்பிட வேண்டியவர் பத்திரிகையோடு இருந்துவிட்டார். மூன்று தேக்கரண்டி சீனி தண்ணீரில். பதினைந்து நிமிஷம். 84. பிறகு இரண்டு இடியப்பம், ஏச்சு.

ஒக்டோபர் 1, புதன்

சரஸ்வதி பூசை. ஹன்சாட் கட்டுகளை ஏட்டோடு சேர்த்துச் சாமியறையில் வைக்கச் சொன்னார். அம்மா விளக்கைத் தள்ளி வைத்தா. முக்கியமானது பிறீசரில் இருக்கிறது என்பதைப் பூசை முடியுமட்டும் நினைவுபடுத்திக்கொண்டேயிருந்தார்.

ஒக்டோபர் 4, சனி

கசெற். பதினாறாம் பெட்டி, பொன்னாடை ஒன்றின் மடிப்புக்குள். பேச்சுக்கு முதல்நாள் இரவு மடிவெல எம்.பி. குவாட்டர்ஸில் தன் பேச்சைப் பேசிப் பதிந்து, போட்டுக் கேட்டுத் திருத்துவது அவர் வழக்கமாம். மேலே அவருடைய கையெழுத்தில் விவாதத்துக்கு முந்திய நாள் திகதி.

C-60. முதுகில் உள்ள சின்னப் பிளாஸ்ரிக் நாக்கை உடைத்து வைத்திருக்கிறார், மேலே வேறு எதுவும் பதிய முடியாதபடி. பக்கவாட்டில் வெள்ளைத் தூசு, அது பூஞ்சணம். நாடா ஓரிடத்தில் அறுந்திருக்கிறது. நாடாவை அழுத்தும் பஞ்சும் விழுந்து உள்ளே உருள்கிறது. பிளேயரில் போட்டுப் பார்க்கலாமே என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படிப் போட்டுப் பார்த்துத்தான் ஊரில் பாதிக் குரல்கள் போயின.

ஒக்டோபர் 8, புதன்

நாலு நாள் வேலை.

முதலில் வாயில் துணி கட்டி, வெளியே வைத்து, தூசைப் பஞ்சால் துடைத்தது. இந்தக் கசெற்றைப் பிறீசரில் போடக் கூடாது, கடதாசி வேறு நாடா வேறு. அதே நீளத்தில் புதுக் கசெற் ஒன்று வாங்கி அதன் கோதை எடுத்துக்கொண்டது. ஐந்து ஆணி. மட்டமாகக் கிடத்தித்தான் கழற்ற வேண்டும், மேல் மூடியை நேராகத் தூக்க வேண்டும், சரித்தால் இரண்டு சுருளும் கொட்டும். அப்புறம் சேர்ப்பதற்கு ஒரு ஆயுள் வேண்டும். பழைய சுருள்களைப் புதுக்கோதுக்கு மாற்றினால் உருளையும் பஞ்சும் புதிதாகக் கிடைத்துவிடும்.

அறுந்த இடம்தான் கண்டம். வழக்கமாக இரண்டு முனையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சரிவாய் வெட்டி ஒட்டுவார்கள். ஆனால் நாடா ஓடுவது செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர். "நாம்" என்று சொல்ல எவ்வளவு நேரம்? செக்கனில் மூன்றிலொன்று என்றால் ஒன்றரைச் சென்ரிமீற்றர். ஒரு விரல் நகம். கசங்கியிருக்கிறது என்று இரண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டியெறிந்தால் சொல்லே போய்விடும். அதனால் வெட்டவில்லை. கசங்கலை மெல்லிய தாளுக்கடியில் வைத்து நகத்தால் நீவி, முனையோடு முனை முட்டவைத்து, ஹெட் தொடாத பக்கத்தில் அதற்கென்றுள்ள ஒட்டுநாடாவை ஒட்டியது. செலோரேப் என்றால் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். சவுண்ட்ஸ் கடைக்காரர் ஒருவரின் லாச்சியில் இந்த ஒட்டுநாடா இன்னும் ஒரு உருளை இருந்தது.

அம்மப்பா கதிரையைப் பக்கத்தில் போட்டு மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு விடுங்கோ என்று சொல்ல வேண்டியிருந்தது.

ஒக்டோபர் 9, வியாழன்

பதினான்காம் நாள். பிறீசரிலிருந்து பைகள் வந்துவிட்டன. திறக்க நாளை வரை பொறுக்க வேண்டும். "இப்ப பிந்திப் போச்சே," என்று மத்தியானம் முழுவதும்.

ஒக்டோபர் 10, வெள்ளி

பிளேயரின் பெல்ற் தாராய் உருகிக் கப்பியில் அப்பியிருந்தது. ஸ்பிரிற்றால் துடைத்தது. புதுப் பெல்ற்றுக்கு அளவு: கப்பிகளைச் சுற்றி நூல் வைத்து அளந்து, அதில் பத்திலொன்று குறைத்து வாங்க வேண்டும். இறுக்கம் கூடினால் மோட்டார் திணறும், குறைந்தால் குரல் குடிகாரன் மாதிரி வரும்.

பை திறந்தாயிற்று. மீன் மணம் இல்லை. வட்டம் அப்படியே இருக்கிறது.

மழை. கரன்ற் இல்லை.

ஒக்டோபர் 12, ஞாயிறு

கசெற்றை முதலில் ஒரு முறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றியது. முதலாவது கேட்பு கடைசியாகவும் இருக்கலாம் என்பதால் இயர்போன் துவாரத்திலிருந்து கம்பி இழுத்துக் கணினியில் பதிந்துகொண்டே போட்டது. புதுப் பற்றரி. அம்மா, பழைய செயலாளர் மாமா, சவுண்ட்ஸ் கடைக்காரர்.

ஃபான் இரைச்சல். தாள் புரட்டும் சத்தம். இவருடைய குரல், இப்போது இல்லாத பாரத்தோடு. ஒட்டின இடம் சின்னதாய் ஒரு டக், ஒன்றும் போகவில்லை. அது வேறெங்கோ, மீன்பிடிப் படகுகளுக்கு மானியம் கேட்கும் இடத்தில்.

பத்தொன்பதாவது நிமிஷத்தில் அந்த வசனம். "நாங்கள்." நிறுத்தி, தொண்டையைச் செருமி, வசனத்தைத் திரும்பச் சொல்கிறார். "நாங்கள்." மூன்றாம் தரமும். தெளிவாக.

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மப்பாவே சொன்னார்: "சுருக்கெழுத்துக்காரன் சரியாத்தான் எழுதியிருக்கிறான். பாவம், எத்தனை வருஷம் ஏசிப்போட்டன்."

இது முதல்நாள் இரவுதானே, சபையில் மாற்றிச் சொல்லியிருக்கலாமே என்றார் செயலாளர் மாமா.

"இரவில ஒண்டு பகலில ஒண்டு பேசுற ஆளே நான்?"

ஒக்டோபர் 13, திங்கள்

காலையிலிருந்து அழிறப்பர் கேட்கிறார். வட்டத்தையும் ஓரத்திலிருக்கும் "நாம்" என்பதையும் அழிக்க வேண்டுமாம்.

அழிக்கக் கூடாது. ராமபாணம் தின்ற பழைய தாள், றப்பர் வைத்துத் தேய்த்தால் சுருண்டு கிழியும். அது ஒரு காரணம். அச்சானது வேறு இடங்களிலும் இருக்கும், அந்தப் பென்சில் கோடு இந்த ஒரு பிரதியில்தான். இது மற்றக் காரணம். முதலாவதைத்தான் அவருக்குச் சொன்னது.

"அப்ப நீ அழி. உனக்குத்தானே கை நடுங்கேல்லை."

ஒக்டோபர் 14, செவ்வாய்

312 இரண்டு அட்டை. சிலிக்கா மணி.

ஒக்டோபர் 15, புதன்

வாடைக் காற்று தொடங்கிவிட்டது. இன்றும் கேட்டார். அழிறப்பர் மேல் லாச்சியில் இருப்பது அவருக்கும் தெரியும்.