சண்டை போட ஓர் ஆள்

கால் டாக்ஸி கம்பெனியின் கன்ட்ரோல் ரூமில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, வடபழனியில் ஒரு மொட்டை மாடி அறை, நான்கு மேசை, ஒரு வயர்லெஸ் செட். எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்ட காலம்தான். ஆனாலும் வண்டிகளோடு பேச்சு வாக்கிடாக்கியில்தான்.

"கே.கே. நகர் பக்கம் யாருண்ணே காலி?" என்று கேட்டால் மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். "அசோக் பில்லர்ல நிக்கிறேம்மா" என்பவரின் குரலுக்குப் பின்னால் ரயில் ஹாரன் கேட்கும். அசோக் பில்லரில் ஏது ரயில்? மனுஷன் சைதாப்பேட்டையில் டீ குடித்துக்கொண்டிருப்பார். ஆறு மாதத்தில் எனக்குப் பாதிச் சென்னை காதாலேயே பழகிவிட்டது.

டிரிப்பைப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. அதனால் தினமும் சண்டை. "ஏர்போர்ட் டிரிப்பெல்லாம் அவனுக்கே போகுது, எனக்கு மட்டும் பாண்டி பஜார் டு மாம்பலமா?" என்று மாடியேறி வந்தே கேட்பார்கள். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. தீபாவளிக்கு அதிரசம் கொண்டுவந்த அண்ணனுக்கு மறுவாரம் தாம்பரம் டிரிப் ஒன்று கூடுதலாகப் போயிருக்கும். சத்தம் அதிகமானால் நோட்டை எடுத்துக் காட்டுவேன், இல்லையென்றால் அடுத்த நல்ல டிரிப்பைக் கொடுத்துச் சரிக்கட்டுவேன். திட்டிவிட்டுப் போன அதே ஆள் மாலையில் "சாப்டியாம்மா?" என்பார்.

பிறகு ஆப் வந்தது. ஊபர் இந்தியாவுக்குள் நுழைந்தது 2013-ல், ஓலா அதற்கு மூன்று வருஷம் முன்பே தொடங்கியது. சென்னையில் எங்கள் வயர்லெஸ் சத்தம் குறையக் குறைய விஷயம் புரிந்தது. டிரைவர்களுக்கு ஆப் கம்பெனிகள் இன்சென்டிவ் என்று ஊக்கத்தொகை கொட்டிய காலம் அது. எங்களிடம் சம்பளத்துக்கு ஓட்டியவர்கள் முன்பணம் கட்டிச் சொந்த வண்டி எடுத்தார்கள். மாத டியூவை அந்த இன்சென்டிவை நம்பித்தான் கணக்குப் போட்டார்கள். அது ஒரு நாள் குறையும் என்று யாரும் போடவில்லை, நானும்தான். எங்கள் கம்பெனியை மூடியதும், ஒரு ஆப் கம்பெனியின் டிரைவர் உதவி மையத்தில் வேலை கிடைத்தது.

ஏசி அறை, ஹெட்செட், ஷிப்ட் முடிந்தால் வீடு வரை கேப். முதல் மாதம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு நாள் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் லைனில் வந்தார். ஆப்பில் அவர் ஐடி பிளாக் ஆகிவிட்டது, காலையிலிருந்து வண்டி நிற்கிறது. ஏன் என்று கேட்டார். என் திரையில் 'வாடிக்கையாளர் புகார்' என்று இரண்டே சொல். எந்த வாடிக்கையாளர், என்ன புகார், எந்த டிரிப், ஒன்றும் இல்லை. "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது, 48 மணி நேரத்தில் பதில் வரும்" என்று படித்தேன். "அதில்லம்மா, யார்கிட்ட பேசணும்னு மட்டும் சொல்லு, நேர்ல போய் பேசிக்கிறேன்" என்றார். எனக்கே தெரியாது. மாடியேறிவந்து என்னைத் திட்டியவர்கள் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

நம் சட்டத்துக்கு டிரைவரை நன்றாகத் தெரியும். பேட்ஜ், வண்டியின் தகுதிச் சான்றான எஃப்சி, பர்மிட், இன்சூரன்ஸ், மஞ்சள் போர்டு என்று அவரிடம் கேட்க ஒரு பட்டியலே உண்டு. நடுவில் உட்கார்ந்து விலை போடுகிறவரைத்தான் வெகுநாள் தெரியாது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோதுதான் இந்த ஆப் கம்பெனிகளைக் குறிக்கும் அக்ரிகேட்டர் என்ற சொல்லே உள்ளே வந்தது. 2020 நவம்பரில் மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது: நெருக்கடி நேரக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் போகக்கூடாது, கட்டணத்தில் 80 சதவீதமாவது டிரைவருக்குப் போக வேண்டும். 24 மணி நேரமும் கால் சென்டர் இருக்க வேண்டும் என்றும் அதில் உண்டு. இருந்தது. அங்கேதான் நான் உட்கார்ந்திருந்தேன்.

2025 ஜூலையில் வந்த புதிய நெறிமுறை அந்த ஒன்றரையை இரண்டு மடங்காக்கிவிட்டது. காரணமில்லாமல் டிரிப்பை ரத்து செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம். சவாரியை எடுக்கக் காலியாக ஓடிவருகிற தூரத்தையும் கணக்கில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், அது நல்ல விஷயம்.

"டிராப் எங்க மேடம், கேஷா ஆன்லைனா?" என்று டிரைவர் போன் போட்டுக் கேட்பது எல்லோருக்கும் எரிச்சல். எனக்கு இல்லை. எங்கே போகிறோம் என்று தெரியாமல் நான்கு கிலோமீட்டர் காலியாக ஓட்டிவருகிறவர் கேட்கத்தான் செய்வார். இன்றைக்கு வண்டிக்கு கேஸ் நிரப்ப இன்றைக்கே கையில் காசு வேண்டும். வயர்லெஸ் காலத்தில் இதை நானே சொல்லித்தான் வண்டி அனுப்புவேன்.

ஆட்டோவின் கதை இன்னும் கூத்து. 2013 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு கட்டணம் நிர்ணயித்தது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியும் பத்து வருஷத்துக்கு மேல் அதே 12 ரூபாய்தான். ஆக, மீட்டர் போட்டு ஓட்டுகிறவருக்கு நஷ்டம், போடாதவர் குற்றவாளி. பொறுத்துப் பார்த்த சங்கங்கள் 2025 பிப்ரவரியில் தாங்களே 50 ரூபாய், 18 ரூபாய் என்று அறிவித்துக்கொண்டன. அதே மாதம் ஊபர் ஆட்டோவுக்குக் கமிஷனை எடுத்துவிட்டு, டிரைவரிடம் தினசரிக் கட்டணம் மட்டும் வாங்கிக்கொள்ள ஆரம்பித்தது. திரையில் தெரியும் தொகை வெறும் யோசனைதான், மிச்சத்தை நீங்களும் டிரைவரும் பேசிக்கொள்ளுங்கள் என்றது.

போன வாரம் வடபழனியிலிருந்து ஏழு கிலோமீட்டருக்கு ஆட்டோ போட்டேன். ஆப்பில் 128 ரூபாய். "160 குடுங்க மேடம், ரிட்டன் காலியா வரணும்" என்றார் டிரைவர். மனசுக்குள் மீட்டர் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 87 ரூபாய் சொச்சம் வந்தது. மீட்டர் அவருக்கு முன்னாலேயேதான் இருந்தது. அதன் மேல் ஒரு முழம் மல்லிப்பூ, காலையில் சாமிக்குப் போட்ட கையோடு அதற்கும் போட்டிருப்பார் போல. 150-க்குப் பேசி முடித்து ஏறி உட்கார்ந்தேன்.