கப்பல் சாப்பாடு எங்கயிருந்து வருது?

திருகோணமலைக்கு சுற்றுலாக் கப்பல் வந்தா எங்கட சனம் உடன கேக்கிறது "அப்ப இண்டைக்கு மீன், மரக்கறி நல்லா போகுமே" எண்டுதான். எங்க மச்சான்! ஒரு பகல் நிண்டுட்டு போற துறைமுகத்தில பெருசா ஒண்டும் ஏத்த மாட்டாங்கள், பயணம் தொடங்கிற மயாமி, பார்சலோனா, சிங்கப்பூர் மாதிரி இடங்களிலதான் முக்கால்வாசி சாமானும் லொறி லொறியா ஏறும். ஐரோப்பாவில ஓடுற கப்பலுக்கே சில கம்பனிகள் அமெரிக்காவில இருந்து இறைச்சிய குளிர் கொண்டெய்னர்ல அனுப்புறாங்கள் எண்டா பாருங்கோவன். கீரை, பழம், பால் மாதிரி கெதியா பழுதாகிறதுதான் வழியில வாங்கிறது.

'ஐகொன் ஒஃப் த சீஸ்' எண்ட சுற்றுலாக் கப்பல் 7,600 பயணி வரை ஏத்தும், அதுக்கு சந்தையில பை கொண்டுபோய் வாங்கேலுமே 😄 கப்பலுக்கு மீன் விக்கிறதெண்டா விலைய விட பேப்பர்தான் வில்லங்கம். எங்க பிடிச்சது, எந்தக் குளிர்ல வச்சது எல்லாம் காட்டோணும். அமெரிக்காவுக்குப் போற கப்பல் எண்டா அங்கத்த சுகாதாரக்காரர் ஏறி 100க்கு மார்க் போடுவாங்கள், 85ம் அதுக்குக் கீழயும் பெயில். ஏத்துமதிக் கம்பனிக்கு அந்தப் பேப்பர் இருக்கும், விடிய பாரையோட கரைக்கு வாற தோணிக்காரருக்கு அத ஆர் செய்து குடுக்கிறது?