தேங்க்ஸ்கிவிங் பாட்லக்குக்குக் கோலா உருண்டை

எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் பாட்லக்குக்கு, அதாவது ஆளுக்கொரு பண்டம் செய்து கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடும் விருந்துக்கு, வருகிறார் என்று தெரிந்தால், நம் ஆட்கள் உடனே செய்வது ஒரு பெரிய சாலட். கூடவே, "உங்களுக்காகவே எண்ணெய் இல்லாம கிரில் பண்ணினேன்" என்று சிக்கன் பிரெஸ்ட். அவ்வளவு யோசித்துச் செய்கிறார்களே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு நிறையும். ஆனால் என்னைப் போன்றவர்கள் சாப்பிடச் சிரமப்படுவது அந்த இரண்டையும்தான். நவம்பர் நான்காவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் வருவதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

நான் செய்துகொண்டது ஸ்லீவ் என்ற வகை அறுவை சிகிச்சை. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் போலக் குறுகலாக விட்டுவைப்பார்கள். இரைப்பை பைபாஸ் என்ற இன்னொரு வகை செய்துகொண்டவர்களுக்கு இன்னும் சின்னது. இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் ஒரு பையை உண்டாக்கி, அதை நேராகச் சிறுகுடலோடு சேர்த்துவிடுவார்கள். இந்தச் சின்ன இடத்துக்குள் ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் போயாக வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதனால்தான் எங்களுக்கு எல்லா டயட்டீஷியனும் சொல்லித்தருவது ஒன்றே: தட்டில் முதலில் புரதம், அப்புறம் காய், இடம் இருந்தால் சோறு.

இப்போது அந்தச் சாலடைப் பாருங்கள். நான்கு வாய் இலை தழையிலேயே வயிறு நிரம்பிவிடும், புரதத்துக்கு இடம் இருக்காது. செலரி மாதிரி நார் உள்ளதாக இருந்தால் எவ்வளவு மென்றாலும் மசியாது. வான்கோழி, கோழி நெஞ்சுக்கறியில் புரதம் நிறைய இருக்கிறது, ஆனால் காய்ந்துபோனால் நெஞ்சிலேயே நின்றுவிடும். மார்பை ஏதோ அழுத்துவது போல வலி வரும், வாயெல்லாம் எச்சில் ஊறும், கடைசியில் நுரை நுரையாக வெளியே வந்தால்தான் நிம்மதி. தண்ணீர் குடித்து இறக்கிவிடலாம் என்றால் அதுவும் முடியாது. சாப்பிடும்போதும் சாப்பிட்டு அரை மணி நேரத்துக்கும் குடிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. எண்ணெயையும் கலோரியையும் பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள். நான் பார்ப்பது ஈரம். குழம்பில் ஊறிய கறி, தயிரில் புரண்ட பனீர், அரைத்த பருப்பு என்று ஈரமாக வருகிற புரதம்தான் எங்களுக்கு இறங்குகிற சாப்பாடு.

அப்படிப் பார்த்தால் நம் சமையலில் இல்லாததா? அதனால்தான் நான் கோலா உருண்டைக்கு வந்தேன். இங்கே அமெரிக்காவில் டாலஸ் பக்கம் எந்தக் கடையிலும் வான்கோழிக் கொத்துக்கறி கிடைக்கும். தேங்க்ஸ்கிவிங் விருந்தில் வான்கோழிதான் வழக்கம் என்பதால், அதுவும் மேஜையில் இருந்த மாதிரி ஆகிவிடும். ஒரு பவுண்ட் கறிக்கு ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, சோம்பு, இரண்டு காய்ந்த மிளகாய், கொஞ்சம் தேங்காய் எல்லாவற்றையும் நைசாக அரைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் திப்பி திப்பியாக நிற்கக் கூடாது. பொட்டுக்கடலை மாவு மூன்று ஸ்பூன், உப்பு, மஞ்சள்தூள். வான்கோழிக் கறி ஆட்டுக்கறி மாதிரி கெட்டியாக நிற்காது, கையில் ஒட்டும். பிசைந்து அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, கையை நனைத்துக்கொண்டு நெல்லிக்காய் அளவுக்கு உருட்டினால் சரியாக வரும்.

எண்ணெயில் பொரிக்க வேண்டாம். தக்காளி, வெங்காயம் வதக்கி, தேங்காயும் சோம்பும் அரைத்து விட்ட குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது தீயைக் குறைத்து, உருண்டைகளை ஒவ்வொன்றாக விடுங்கள். கரண்டி போடவே கூடாது. பாத்திரத்தைப் பிடித்து லேசாக ஆட்டினால் போதும். கொஞ்ச நேரத்தில் நிறம் வெளுத்து, உருண்டை இறுகி மேலே வரும். அதற்கப்புறமும் பத்து நிமிடம் வேகட்டும். தெர்மாமீட்டர் இருந்தால் உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட் காட்ட வேண்டும். ஒரு பவுண்டில் 20 உருண்டை பிடித்தால் ஒன்றில் சுமார் 4 கிராம் புரதம் இருக்கும். மூன்று உருண்டையும் இரண்டு கரண்டிக் குழம்பும் எனக்கு ஒரு முழுச் சாப்பாடு. மற்றவர்கள் அதையே சோற்றில் பிசைந்து சாப்பிடுவார்கள். ஸ்லோ குக்கரில் 'வார்ம்' வைத்துவிட்டால் சாயங்காலம் வரை குழம்பு சூடாகவே இருக்கும், கறியும் காயாது.

சைவம் என்றால் பனீர் புர்ஜி. தக்காளி சற்றுத் தாராளமாக, இறக்கும்போது ஒரு கரண்டி கிரீக் யோகர்ட் சேர்த்தால் பொலபொலவென்று காயாமல் குழைவாக இருக்கும். பயத்தம்பருப்பைக் குழைய வேகவைத்துக் கீரையோடு மசித்த கூட்டும் நல்லது. மசித்த உருளைக்கிழங்கு மட்டும் ஜாக்கிரதை. வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், எவ்வளவு போனது என்றே தெரியாது, புரதமும் அதில் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.

இனிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உடம்புக்கே வந்துவிடும். முக்கியமாக பைபாஸ் செய்தவர்களுக்கு, சர்க்கரை அதிகமுள்ள பண்டம் வேகமாகச் சிறுகுடலுக்குள் போய் விழும்போது டம்பிங் என்ற ஒன்று வரும். சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்துக்குள் வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், வயிற்றைப் பிசையும், பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருக்கும். சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயக்கம் போலவும் வரும். எங்கள் குழுவில் பைபாஸ் செய்துகொண்ட ஒரு தோழி, பழம்தானே என்று, சர்க்கரை சேர்த்துச் செய்யும் கிரான்பெர்ரி சாஸை நாலு ஸ்பூன் போட்டுக்கொண்டாள். பாவம், மீதி விருந்து முழுக்க மாடி அறையில் படுத்துக் கிடந்தாள். ஆகவே "ஒரே ஒரு குலாப் ஜாமூன், ஒண்ணும் ஆகாது" என்று யாரையும் வற்புறுத்தாதீர்கள்.

அதற்குப் பதில் மாவு ஓடு இல்லாத பூசணிக் கப். 15 அவுன்ஸ் டின் பூசணி விழுது, இரண்டு முட்டை, ஒரு கப் கிரீக் யோகர்ட், ஏலக்காய், சுக்கு, பட்டைத் தூள், இனிப்புக்கு ஸ்டீவியா. எல்லாவற்றையும் அடித்து, மஃபின் தட்டில் காகிதக் கப் போட்டு ஊற்றி, ஓவனில் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நடுப்பகுதி ஆடாமல் இறுகும் வரை வைத்தால் முடிந்தது. டின் வாங்கும்போது மட்டும் நின்று படியுங்கள். அலமாரியில் பக்கத்திலேயே 'பம்ப்கின் பை ஃபில்லிங்' என்று அதே மாதிரி டின் இருக்கும், அதில் சர்க்கரை கலந்திருக்கும். 'சர்க்கரை இல்லை' என்று விற்கிற மிட்டாய்களில் வரும் மால்டிடால், சார்பிடால் வகைகளும் வயிற்றை உப்ப வைத்துப் பேதியாக்கும்.

இதெல்லாம் அறுவை சிகிச்சை முடிந்து திரவ உணவு, மசித்த உணவு எல்லாம் தாண்டி, சாதாரணச் சாப்பாட்டுக்கு வந்தவர்களுக்கு. அதற்குப் பெரும்பாலும் இரண்டு மாதமாவது ஆகும். அதற்குள் விருந்து வந்தால் அவர்கள் என்ன சாப்பிடலாம் என்பதை அவர்களுடைய மருத்துவர் சொன்னபடிதான் பார்க்க வேண்டும்.

விருந்து வைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். "ஏன் இவ்வளவு கொஞ்சமா வெச்சிருக்கீங்க, நல்லா இல்லையா?" என்று கேட்காதீர்கள். நல்லா இருக்கிறது, அதனால்தான் அந்த மூன்று உருண்டையை அரை மணி நேரம் மென்று சாப்பிடுகிறோம். ஒரு கவளம் கூடினாலும் வலிக்கும். அப்புறம், தயவுசெய்து எங்களுக்கென்று தனியாக ஒரு டப்பா வைக்காதீர்கள். எல்லோரும் எடுக்கிற பாத்திரத்திலிருந்து நாங்களும் எடுத்துக்கொள்கிற மாதிரி இருந்தால், அங்கே யாருக்கு என்ன ஆபரேஷன் என்று நாலு பேர் முன்னால் விளக்கம் சொல்ல வேண்டி வராது. சின்னத் தட்டும் சின்ன ஸ்பூனும் மேஜை ஓரத்தில் இருந்தால் போதும், குழந்தைகளும் எடுத்துக்கொள்வார்கள். சோடாவோடு சாதாரணத் தண்ணீரும் இருக்கட்டும்.

எங்கள் வாட்ஸாப் பட்டியலில் கோலா உருண்டைக்கு எதிரே என் பெயரைப் போட்டுவிட்டேன். பனீரை எதிர்வீட்டு அக்கா எடுத்துக்கொண்டார், கீரைக்கூட்டுக்கும் ஆள் வந்தாயிற்று. இனிப்பு வரிசையில் பெக்கான் பை இரண்டும் ஜாமூனும்தான் இருக்கின்றன. பூசணிக் கப்பை யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா? மஃபின் தட்டு என்னிடம் இரண்டு இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளலாம்.